'உள்மட்ட ஆய்வு' என்றால் என்ன? குழந்தைகள் நலத்துறையில் பாதுகாப்புப் பகுப்பாய்வாளர் பார்க்கும் வேலை

அமெரிக்காவின் ஏதோ ஒரு மாநிலத்தில் ஒரு குழந்தை இறந்துபோன செய்தி வருகிறது. இரண்டாவது பத்தியிலேயே, "இந்தக் குடும்பத்தைப் பற்றிக் குழந்தைகள் நலத்துறைக்கு ஏற்கெனவே மூன்று முறை புகார் போயிருந்தது" என்று இருக்கும். கடைசிப் பத்தியில், "துறை உள்மட்ட ஆய்வைத் தொடங்கியுள்ளது, விவரங்களை வெளியிட இயலாது" என்று முடியும். படிக்கிறவருக்கு வயிறு எரிகிறது. மூன்று முறை சொல்லியும் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? ஆய்வு என்று சொல்வது மூடி மறைக்கத்தானா?

கோபம் நியாயமானது. ஆனால் அந்த உள்மட்ட ஆய்வுக்குள் என்ன நடக்கிறது என்பது வெளியே பலருக்குத் தெரியாது. பல மாநிலங்களில் இதற்கென்றே அரசுப் பணியிடம் இருக்கிறது. பதவியின் பெயர் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இந்தக் கட்டுரையில் 'பாதுகாப்புப் பகுப்பாய்வாளர்' என்று வைத்துக்கொள்வோம். இறந்துபோன குழந்தையின் கோப்பை முதல் பக்கத்திலிருந்து படித்து, எந்த இடத்தில் எந்த முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்று கண்டுபிடிப்பதுதான் இவரது வேலை.

## முதலில் சில சொற்கள்

புகார். ஆசிரியர், மருத்துவர், பக்கத்து வீட்டுக்காரர் யாராவது துறையின் தொலைபேசி எண்ணை அழைத்து, ஒரு குழந்தை ஆபத்தில் இருக்கலாம் என்று சொல்வது.

வடிகட்டல். வந்த புகாரை விசாரணைக்கு அனுப்புவதா, வேண்டாமா என்று தொலைபேசி எடுத்தவரும் அவரது மேற்பார்வையாளரும் முடிவு செய்வது. நாடு முழுக்கப் பார்த்தால் ஏறக்குறைய பாதிப் புகார்கள் இந்தக் கட்டத்திலேயே நின்றுவிடுகின்றன.

கடும் சம்பவம். குழந்தையின் இறப்பு, அல்லது இறப்பின் விளிம்புவரை போன காயம். இரண்டாவது வகைக்கு 1974-ல் வந்த குழந்தை வதைத் தடுப்புக் கூட்டாட்சிச் சட்டத்தில் தனி விளக்கம் இருக்கிறது: குழந்தையின் நிலை ஆபத்தானது என்று மருத்துவர் சான்றளித்திருக்க வேண்டும்.

துறைக்குத் தெரிந்த குடும்பம். செய்திகளில் அதிகக் குழப்பம் தருவது இதுதான். சில மாநிலங்கள் கடந்த 12 மாதங்களில் வந்த தொடர்பை மட்டும் கணக்கில் எடுக்கும், சில பல ஆண்டுகள் பின்னோக்கிப் போகும். ஐந்து வருடம் முன்பு அண்ணனைப் பற்றி வந்து, விசாரிக்காமலே மூடப்பட்ட புகாரும் இதில் சேரலாம். போன வாரம் களப்பணியாளர் வீட்டுக்குப் போய் வந்ததும் சேரலாம். இரண்டும் ஒன்றல்ல. அதனால் இரண்டு மாநிலங்களின் எண்ணிக்கையைப் பக்கத்தில் வைத்து எது மோசம் என்று சொல்லிவிட முடியாது.

## எண்கள் எங்கே நிற்கின்றன

2022 நிதியாண்டில் அமெரிக்கா முழுவதும் வந்த புகார்கள் சுமார் 43 லட்சம். அவற்றில் பேசப்பட்ட குழந்தைகள் சுமார் 75 லட்சம். வதையாலும் கவனிப்பின்மையாலும் அந்த ஆண்டு இறந்த குழந்தைகள் 1,990 பேர் என்பது தேசிய மதிப்பீடு. அவர்களில் ஏறத்தாழ 45 சதவீதம் ஒரு வயதுகூட நிறையாதவர்கள்.

1,990 என்பது மனதை உலுக்கும் எண். ஆனால் 75 லட்சத்துக்குள் அந்தக் குழந்தைகளை முன்கூட்டியே அடையாளம் காண்பது எவ்வளவு கடினம் என்பதையும் அதே எண் சொல்கிறது. இறந்த குழந்தையின் கோப்பில் இருக்கும் அதே அறிகுறிகள், அதாவது வறுமை, குடிப்பழக்கம், தவறவிட்ட மருத்துவமனைத் தேதிகள், உயிரோடு நன்றாக வளரும் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் கோப்புகளிலும் இருக்கின்றன. நமக்கு முடிவு தெரியும். அதனால் கோப்பில் அந்த அறிகுறிகள் மட்டும் சிவப்பு மையில் எழுதியதுபோலத் தெரிகின்றன. முடிவு தெரிந்தவருக்கு எல்லாமே முன்பே தெரிந்திருக்க வேண்டியதாகத் தோன்றும் என்பதை உளவியலாளர் பரூக் ஃபிஷாஃப் 1975-லேயே சோதனைகள் மூலம் காட்டினார். பகுப்பாய்வாளர் தினமும் மல்லுக்கட்டுவது இந்த மனப்போக்கோடுதான், தன்னுடையதையும் சேர்த்து.

இதற்கு மறுபக்கமும் உண்டு. குழந்தை வதை இறப்புகளை ஒழிக்க அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த ஆணையம் 2016-ல் தந்த அறிக்கை ஒன்றை அழுத்திச் சொன்னது. ஒரு குழந்தையைப் பற்றித் துறைக்கு ஒரு புகார் வந்திருப்பதே, அது விசாரிக்கப்பட்டதா இல்லையா என்பதைத் தாண்டி, ஐந்து வயதுக்குள் காயத்தால் இறக்கும் அபாயத்தின் மிக வலுவான அறிகுறி. எல்லாம் விதி என்று விட்டுவிட முடியாது. தொலைபேசி மணி அடித்த அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்பது உயிர்ப் பிரச்சினை.

## ஒரே இறப்பு, நான்கு விசாரணைகள்

குழப்பத்துக்கு இன்னொரு காரணம், ஒரே சம்பவத்தை நான்கு தரப்பினர் ஒரே சமயத்தில் பார்ப்பது.

1. காவல்துறை: குற்றம் நடந்ததா? செய்தவர் யார்?
2. குழந்தைப் பாதுகாப்பு விசாரணை: வதை நடந்ததா? அந்த வீட்டில் இருக்கும் மற்றக் குழந்தைகள் இன்றிரவு பத்திரமா?
3. பணியாளர் நிர்வாகம்: ஊழியர் விதியை மீறினாரா? ஒழுங்கு நடவடிக்கை வேண்டுமா?
4. பாதுகாப்பு ஆய்வு: அந்த முடிவு அந்த நேரத்தில் அந்த ஊழியருக்குச் சரியாகத் தோன்றியது ஏன்? அதே நிலைமை இன்னும் எத்தனை மேசைகளில் இருக்கிறது?

இவை தவிர, மருத்துவர், காவல்துறை, பிணக்கூறாய்வாளர் எல்லோரும் கூடி உட்காரும் குழந்தை இறப்பு ஆய்வுக் குழுக்களும் உண்டு. முதல் குழு 1978-ல் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் தொடங்கியது.

நமது பகுப்பாய்வாளருக்குரியது நான்காவது கேள்வி. மூன்றாவதிலிருந்து அதைப் பிரித்து வைப்பதில்தான் இந்த வேலையின் உயிர் இருக்கிறது. ஊழியர் இன்று மனம்விட்டுச் சொல்வது நாளை அவரது நீக்க உத்தரவில் வரும் என்றால், இன்று எதுவும் சொல்ல மாட்டார்.

## விமானத்துறையிலிருந்து வந்த பாடம்

1974 டிசம்பர் 1 அன்று டிடபிள்யூஏ நிறுவனத்தின் 514-ஆம் எண் விமானம், வாஷிங்டனுக்கு அருகே டல்லஸ் விமான நிலையத்தை நெருங்கும்போது வெர்ஜீனியாவில் ஒரு மலையில் மோதியது. 92 பேர் இறந்தார்கள். தரையிறங்க அனுமதி கிடைத்ததும் எவ்வளவு உயரத்துக்கு இறங்கலாம் என்பதில் விமானிகளுக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் இருந்த புரிதல் வேறுபாடுதான் அடிப்படைக் காரணம்.

ஆறு வாரங்களுக்கு முன்பு இன்னொரு நிறுவனத்தின் விமானம் அதே இடத்தில், அதே குழப்பத்தால் நூலிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் தங்கள் நிறுவனத்திடம் சொன்னார்கள். நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. செய்தி அந்த நிறுவனத்தைத் தாண்டவில்லை.

இதற்குப் பிறகு 1976-ல் ஒரு ஏற்பாடு வந்தது. விமானியோ கட்டுப்பாட்டாளரோ தான் செய்த தவறைத் தானே எழுதி அனுப்பலாம். அதை வாங்குவது தண்டிக்கும் அதிகாரம் கொண்ட துறை அல்ல, நாசா. வேண்டுமென்றே செய்யாத தவறைப் பத்து நாட்களுக்குள் எழுதி அனுப்பியவருக்கு அபராதத்திலிருந்து விலக்கும் உண்டு. விமானப் பயணம் இன்று இவ்வளவு பாதுகாப்பாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

குழந்தைகள் நலத்துறை நேர் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. இங்கிலாந்தில், 2000-ல் லண்டனில் வதைக்கப்பட்டு இறந்த 8 வயதுச் சிறுமியின் வழக்கை லார்டு லேமிங் விசாரித்தார். 2003-ல் வந்த அறிக்கையில் 108 பரிந்துரைகள். குழந்தையைக் காப்பாற்றப் பல வாய்ப்புகள் இருந்தும் கைநழுவின என்று அறிக்கை காட்டியது. விதிகள் கூடின, படிவங்கள் கூடின. 2007-ல் அதே லண்டன் பகுதியில் இன்னொரு குழந்தை இறந்தது. அப்புறம்தான் பேராசிரியர் எய்லீன் மன்ரோ 2011-ல் தந்த ஆய்வறிக்கையில் நிலைமையை வெளிப்படையாகச் சொன்னார்: ஒவ்வொரு இறப்புக்குப் பிறகும் விதிகளை மேலே மேலே அடுக்கியதில், ஊழியர்கள் குழந்தையோடு இருக்கும் நேரம் போய், கணினி முன் இருக்கும் நேரம் வளர்ந்துவிட்டது. 'யார் தவறினார்' என்பதைவிட 'ஏன் அப்படித் தோன்றியது' என்று கேளுங்கள் என்றார். அமெரிக்காவில் டென்னசி மாநிலம் இந்த வழியை முன்கூட்டியே எடுத்துக்கொண்டது. இப்போது பல மாநிலங்கள் அதைப் பின்பற்றுகின்றன.

## கோப்பைப் படிப்பது எப்படி

ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். நான்கு மாதக் குழந்தை. இரவில் அப்பாவோடு சோபாவில் தூங்கியது, காலையில் மூச்சில்லை. மூன்று பழைய புகார்கள் இருக்கின்றன.

முதல் புகார்: தாய் குடிக்கிறார் என்று பக்கத்து வீட்டுக்காரர். அப்போது இந்தக் குழந்தை பிறக்கவில்லை, வீட்டில் மூன்று வயது அண்ணன் மட்டும். வடிகட்டலில் நின்றது. இரண்டாவது: எடை பார்க்கும் தேதியைத் தவறவிட்டார்கள் என்று மருத்துவமனை. விசாரணை நடந்தது, வீடு சுத்தமாக இருந்தது, மூடப்பட்டது. மூன்றாவது: பெயர் சொல்லாத ஒருவர், ராத்திரியில் குழந்தை அழுதுகொண்டே இருக்கிறது என்கிறார். அது புதிய புகாராகப் பதியப்படவே இல்லை, பழைய கோப்பில் 'கூடுதல் தகவல்' என்று ஒட்டப்பட்டது.

செய்தியில் இது "மூன்று புகார், நடவடிக்கை இல்லை" என்று வரும். பகுப்பாய்வாளர் மூன்றாவது அழைப்பில் நிற்கிறார். அது ஏன் ஒட்டப்பட்டது?

பதிவைத் திறக்கிறார். அழைப்பு வந்தது வெள்ளிக்கிழமை மாலை 5:52. வரிசையில் இன்னும் ஒன்பது பேர் காத்திருந்தார்கள். அதே முகவரியில் முப்பது நாட்களுக்குள் கோப்பு இருந்தால், கணினித் திரையில் 'பழையதோடு சேர்' என்ற பொத்தான் தானாகவே தேர்வாகி நிற்கிறது. புதிதாகப் பதிய வேண்டுமென்றால் இன்னும் நான்கு திரைகளைக் கடக்க வேண்டும். பழைய கோப்போ முந்தின நாள்தான் மூடப்பட்டிருந்தது. மூடிய கோப்பில் ஒட்டிய தகவல் யாருடைய மேசைக்கும் போகாது. அந்தக் காகிதத்தை யாருமே புறக்கணிக்கவில்லை, ஏனென்றால் யார் கண்ணிலும் அது படவே இல்லை.

பிறகு களப்பணியாளரோடு உட்காருகிறார். இங்கே கேள்வியின் வடிவமே முக்கியம். "ஏன் குழந்தை எங்கே தூங்குகிறது என்று பார்க்கவில்லை?" என்று கேட்டால், எதிரில் இருப்பவர் தன்னைக் காத்துக்கொள்ளத் தொடங்குவார். "அன்றைக்குக் காலையில் உங்கள் மேசையில் என்னென்ன இருந்தது?" என்று கேட்டால் பேச்சு வேறு மாதிரி வரும். கையில் இருபத்தாறு கேஸ். அதில் ஒன்று நீதிமன்றத்தில். மேற்பார்வையாளர் பணியிடம் காலி, பக்கத்துக் குழுவின் மேற்பார்வையாளர்தான் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டில் இருந்ததைப் பார்த்தார், படிவத்தில் 'தொட்டில் உள்ளது' என்ற கட்டத்தில் குறியிட்டார். தொட்டில் நிறையத் துணி மூட்டை இருந்ததும் அவருக்கு நினைவிருக்கிறது. படிவம் அதைக் கேட்கவில்லை. இதைச் சொல்லும்போது அவர் குரல் உடைகிறது. பகுப்பாய்வாளர் காத்திருக்கிறார்.

இருபத்தாறு என்பது எவ்வளவு அதிகம்? அமெரிக்கக் குழந்தைகள் நல அமைப்புகளின் கூட்டமைப்பு வைத்திருக்கும் தரம், விசாரணைப் பிரிவில் ஒருவருக்கு மாதம் 12 கேஸ். அதில் இரண்டு மடங்குக்கும் மேல் என்றால், ஒவ்வொரு வீட்டிலும் தொட்டிலுக்குள் எட்டிப் பார்க்கும் நிமிடங்கள் எங்கிருந்து வரும்?

சேகரித்தவற்றை வரிசைப்படுத்தப் பல மாநிலங்கள் ஒரே மாதிரியான மதிப்பீட்டுப் படிவத்தைப் பயன்படுத்துகின்றன. குடும்பச் சூழல், ஊழியரின் நிலை, குழு, அலுவலகச் சூழல் என்று பிரித்து, ஒவ்வொரு காரணிக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். 0 என்றால் அந்தக் காரணி இல்லை, 3 என்றால் நடந்ததோடு நெருக்கமான தொடர்பு. ஒரு கோப்புக்கு இது பெரிதாக எதுவும் சொல்லாது. நூறு கோப்புகள் சேர்ந்ததும், 'மேற்பார்வையாளர் மாற்றம்' என்ற வரியில் தொடர்ந்து 3 விழுகிறது என்று தெரிய வரும். அதுவரை ஒவ்வோர் அலுவலகமும் அது தன் தனித் துரதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கும்.

## அப்படியானால் யாருமே பொறுப்பில்லையா?

இந்த முறையைப் பற்றி எழும் மிகக் கடுமையான கேள்வி இது. பதில், பொறுப்பு உண்டு, ஆனால் எல்லாத் தவறும் ஒரே வகை அல்ல.

1. கைதவறல். பார்க்க நினைத்து மறந்தது, தவறான பொத்தானை அழுத்தியது. இங்கே ஊழியருக்கு ஆறுதல், அமைப்புக்குத் திருத்தம்.
2. பழகிப்போன குறுக்குவழி. வேலைப்பளுவில் எல்லோரும் செய்வது, மேலதிகாரிக்கும் தெரிந்தது. ஊழியரோடு பேச வேண்டும், குறுக்குவழி ஏன் தேவைப்பட்டது என்பதையும் சரிசெய்ய வேண்டும்.
3. தெரிந்தே செய்த அலட்சியம். போகாத வீட்டுக்குப் போனதாக எழுதுவது. இது பாதுகாப்பு ஆய்வுக்குள் தங்கக் கூடாது. பணியாளர் நிர்வாகத்துக்கும், தேவைப்பட்டால் காவல்துறைக்கும் உடனே போக வேண்டும்.

இந்தப் பிரிப்பு நேர்மையாக நடக்கவில்லை என்றால் 'அமைப்புக் கோளாறு' என்ற சொல் ஒளிந்துகொள்ளும் இடமாகிவிடும். அந்த அபாயம் உண்மையானது. அதனால் ரகசியத்தின் எல்லையை நான் இப்படிப் போடுவேன்: ஊழியர் மனம்விட்டுச் சொன்னது உள்ளே இருக்கட்டும். கண்டறிந்த காரணங்கள், செய்யப்போகும் மாற்றம், அதற்கான தேதி ஆகியவை பொதுமக்களுக்கு வர வேண்டும். வதையால் நேர்ந்த இறப்புகள், இறப்பின் விளிம்புவரை போன சம்பவங்கள் பற்றிய தகவலை வெளியிட மாநிலங்களில் ஏற்பாடு இருக்க வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் 1996 திருத்தத்திலிருந்தே சொல்கிறது. "விவரங்களை வெளியிட இயலாது" என்ற ஒற்றை வரியோடு ஒரு துறை நின்றுகொண்டால், அது சட்டத்தின் நோக்கத்துக்கு எதிரானது.

## தலையை உருட்டினால் என்ன ஆகும்

ஓர் ஊழியரைப் பலிகடா ஆக்கினால் பொதுக் கோபம் அடங்கும். ஆனால் அடுத்த நாள் மற்ற ஊழியர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். 2007-ல் லண்டனில் இறந்ததாக மேலே சொன்ன அந்தக் குழந்தையின் வழக்கு 2008 நவம்பரில் வெளியே வந்து, அதிகாரிகளைப் பதவி நீக்கச் சொல்லிப் பத்திரிகைகள் கிளம்பிய பிறகு, இங்கிலாந்தில் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து எடுக்கக் கோரும் விண்ணப்பங்கள் 2008–09-ல் சுமார் 6,500 ஆக இருந்தவை அடுத்த ஆண்டு 8,800 அளவுக்கு ஏறின. சிலவற்றில் அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் ஒரே வருடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குடும்பங்கள் மோசமாகிவிடவில்லை. மாறியது அலுவலகத்தின் பயம்.

பயத்தில் பிரிக்கப்படும் குழந்தைக்கும் காயம் உண்டு. அம்மாவின் மடியிலிருந்து நள்ளிரவில் எடுக்கப்பட்டு, முன்பின் தெரியாத வீட்டில் கண்விழிக்கும் மூன்று வயதுக் குழந்தையின் அழுகைக்குச் 'சம்பவம்' என்று கோப்பு திறப்பதில்லை. கூடவே, பிரித்தெடுக்கும் வேலையில் ஊழியர் நேரம் கரைவதால், உண்மையான ஆபத்தில் இருக்கும் வீட்டுக்குப் போவது இன்னும் தாமதமாகும்.

## பரிந்துரையில் வலியதும் மெலியதும்

ஆய்வு முடிந்ததும் எழுதப்படும் பரிந்துரைகளை வைத்தே ஒரு துறை பாடம் படித்ததா என்று சொல்லிவிடலாம். நம் கற்பனை வழக்குக்கு மூன்று விதமாக எழுத முடியும்.

மெலியது: "ஊழியர்கள் கவனமாக இருக்கச் சுற்றறிக்கை அனுப்பப்படும். பாதுகாப்பான தூக்கம் பற்றி மீண்டும் பயிற்சி தரப்படும்." செலவில்லை, ஒரே வாரத்தில் முடியும். இருபத்தாறு கேஸ் வைத்திருப்பவர் அதைப் படிக்கவும் மாட்டார்.

நடுத்தரம்: படிவத்தில் 'தொட்டில் உள்ளது' என்ற கேள்வியை எடுத்துவிட்டு, 'நேற்றிரவு குழந்தை எங்கே தூங்கியது? அந்த இடத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்தீர்களா?' என்று வைப்பது. அமெரிக்காவில் எதிர்பாராமல் திடீரென இறக்கும் கைக்குழந்தைகள் ஆண்டுக்குச் சுமார் 3,500 பேர். பலரது இறப்பில் தூங்கிய இடம் சம்பந்தப்பட்டிருக்கிறது. மல்லாந்து, கெட்டியான சமதள மெத்தையில், தனியாக என்பதுதான் அங்குள்ள குழந்தை மருத்துவர்களின் பரிந்துரை. சோபா மிக ஆபத்தான இடங்களில் ஒன்று.

வலியது: 'பழையதோடு சேர்' பொத்தான் தானாகத் தேர்வாவதை நிறுத்துவது. மூடிய கோப்பில் எதுவும் ஒட்ட முடியாதபடி செய்வது. ஒரு வயதுக்குள் குழந்தை இருக்கும் வீட்டைப் பற்றி எந்த அழைப்பு வந்தாலும், மூடுவதற்கு முன் இரண்டாவது ஆள் ஒருவர் பார்த்தே தீர வேண்டும் என்று வைப்பது. கேஸ் எண்ணிக்கைக்கு உச்சவரம்பும், காலியிடத்துக்கு ஆளும். இதற்குப் பணம் வேண்டும், சட்டமன்றம் ஒதுக்க வேண்டும். ஆகவே பகுப்பாய்வாளரின் அறிக்கை ஒரு கோப்பின் கதையாக மட்டும் இருந்தால் போதாது, நூறு கோப்புகளின் எண்ணோடு போக வேண்டும்.

## யார் இந்த வேலைக்கு வருகிறார்கள்

பெரும்பாலும் களத்தில் பல ஆண்டு வேலை பார்த்தவர்கள். சமூகப் பணி, பொதுச் சுகாதாரம், உளவியல் படித்தவர்களும் வருகிறார்கள். நூற்றுக்கணக்கான பக்கங்களைப் பொறுமையாகப் படிக்கவும், உடைந்து உட்கார்ந்திருப்பவரிடம் அவசரப்படாமல் பேசவும், மேலதிகாரிக்குப் பிடிக்காததை எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவதுதான் அரிது. கூடவே, வாரத்துக்கு வாரம் பிணக்கூறாய்வு அறிக்கைகளைப் படிப்பது ஆளைத் தின்னும். நல்ல அலுவலகங்கள் இவர்களைத் தனியாக விடுவதில்லை. கடினமான கோப்பை இருவராகப் படிக்க வைக்கின்றன, முடித்ததும் உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்குகின்றன.

அறிக்கை கையெழுத்தானதும் வேலை முடிந்துவிடுவதில்லை. சில மாதங்கள் கழித்து பகுப்பாய்வாளர் அழைப்பு மையத்துக்குப் போக வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், வரிசையில் ஆட்கள் காத்திருக்கும்போது, அங்கே வேலை பார்ப்பவரின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பொத்தான் திரையில் இப்போது எங்கே இருக்கிறது என்று தன் கண்ணால் பார்க்க வேண்டும்.